உடன் வந்த உறுப்புக்கு ஓய்வு

வீடு கட்டுவோர் கதவையும் சன்னலையும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதில்லை. ஆயத்தமாகக் கிடைப்பவற்றை வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். வலைத்தளம் அமைப்போருக்கும் அவ்வாறே ஆயத்த நிரற்பகுதிகள் உண்டு. அவற்றின் தொகுப்பைச் சட்டகம் என்பர். ஒரு முறை சேர்த்த பகுதியைப் பின்னர் நீக்குவது எப்படி? 'ஜாங்கோ' என்னும் சட்டகத்தின் வரலாறு இதற்கு நல்ல விளக்கமாகும்.

அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரச் செய்தித்தாள் ஒன்றின் வலைத்தளப் பணிக்காக, 2003இல் ஏட்ரியன் ஹோலவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் இதை உருவாக்கத் தொடங்கினர். எவரும் படித்துத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளாக 2005 ஜூலையில் இது வெளியாயிற்று.

இதனுடன் இணைத்து வழங்கப்பட்ட துணை உறுப்புகளுள் ஒன்று, வாசகர் கருத்துகளைப் பெற்றுச் சேமிப்பது. கருத்துப் படிவத்தில் மனிதர் கண்ணுக்குப் புலப்படாத கட்டம் ஒன்று இருக்கும். விளம்பரக் குப்பையைக் கொட்டும் தானியங்கி நிரல் அதையும் நிரப்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்! படிவம் தோன்றி 2 மணி நேரம் கடந்துவிட்டால் கருத்து ஏற்கப்படாது.

இவ்வளவு பயனுள்ள உறுப்பை ஏன் நீக்க வேண்டும்? தளத்துக்குத் தளம் தேவை வேறுபடுகிறது. தமக்கேற்ற நிரலைத் தாமே எழுதுவதோ, கருத்துகளைக் கையாளும் வெளிச் சேவையை நாடுவதோ பெரும்பாலோருக்கு நலம் என்று பராமரிப்போர் கருதினர். உடன் வழங்கும் உறுப்பையோ ஒவ்வொரு பதிப்பிலும் சோதித்துச் செப்பனிட்டாக வேண்டும்.

ஆயினும் திடீரென நீக்கினால் என்ன ஆகும்? அதை நம்பிய தளங்கள் புதிய பதிப்புக்கு மாறியவுடன் பழுதுபடும். மாறாமல் நின்றாலோ, காலப்போக்கில் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமல் போகும். இரண்டுமே இடர்தான்.

எனவே முன்னறிவிப்பு முறை கையாளப்பட்டது. 2013 நவம்பரில் வந்த 1.6ஆம் பதிப்பில் இவ்வுறுப்பு ஓய்வுபெறும் என அறிவிக்கப்பட்டது. அப்பதிப்பிலும், 2014இல் வந்த 1.7ஆம் பதிப்பிலும் அது எச்சரிக்கையுடன் இயங்கிற்று. 2015 ஏப்ரலில் வெளிவந்த 1.8ஆம் பதிப்பில் அது இல்லை. ஆனால் அதன் நிரல் அழிக்கப்படவில்லை. தனித் தொகுப்பாகப் பிரிக்கப்பட்டது. வேண்டுவோர் அதைத் தனியே நிறுவித் தொடர்ந்து பயன்படுத்த வழி இருந்தது.

ஒன்றைச் சேர்ப்பது ஒரு நாளில் முடியலாம். அதை நம்பியிருப்போருக்கு ஊறின்றி விலக்குவதற்கு முன்னறிவிப்பும், கால அவகாசமும், மாற்று வழியும் தேவை. இம்மூன்றும் பொறியியலின் பகுதிகளே ஆகும்.