தன் குற்றம் அறியாத சாட்சி

இங்கிலாந்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்லும் பொது உரிமை 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. அதற்கு 30 ஆண்டுகள் முன்னரே, வழக்கறிஞராகப் பதிவு பெற்றும் அத்தொழிலை நடத்தாத வில்கி காலின்ஸ், டிக்கன்ஸின் வார இதழில் 1868 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வெளிவந்த ‘தி மூன்ஸ்டோன்’ என்னும் தொடரில், திருடியவரையே தம் திருட்டைத் துப்புத் துலக்கும் சாட்சியாக்கினார்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளையிடப்பட்டதாகக் கதையில் வரும் வைரம், 1848இல் யார்க்ஷயர் மாளிகை ஒன்றில் ஒரே இரவில் காணாமற்போகிறது. அவரவர் நேரில் அறிந்ததை மட்டுமே எழுத வேண்டும், பிறர் சொல்லக் கேட்ட செவிவழிச் சாட்சியம் கூடாது என்ற நீதிமன்ற விதிப்படி பலர் கதையைச் சொல்கின்றனர். பணியாளர் பெட்டரெட்ஜின் எசமான விசுவாசத்தையும், மிஸ் கிளாக்கின் பக்தி வேடம் பூண்ட காழ்ப்பையும் வாசகர் எளிதில் கழித்துவிடலாம். ஃபிராங்க்ளின் பிளேக்கை அப்படிக் கழிக்க இயலாது; அவர் பொய்யே சொல்லவில்லை. வைரம் இருந்த அறைக்கதவின் ஈரச் சாயம் படிந்த இரவு உடையில் தம் பெயரையே கண்டு திகைக்கும் வரை, திருடனைத் தேடுவதில் அவரே முன்னிற்கிறார்.

காரணம் அபினி. தூக்கமின்றித் தவித்த பிளேக்குக்கு, அபினியைச் சாராயத்தில் கரைத்த லாடனம் என்னும் மருந்தை மருத்துவர் ஒருவர் அவரறியாமல் கொடுத்திருந்தார். போதையில் செய்தது தெளிந்தபின் நினைவில் நில்லாது என்பதற்கு, கார்ப்பென்டர், எலியட்சன் ஆகிய மெய்யான மருத்துவர்களின் நூல்களையே நாவல் துணைக்கழைக்கிறது. குடிபோதையில் தொலைத்த பொட்டலத்தின் இடம், மீண்டும் குடித்தபோதே நினைவுக்கு வந்த சுமைக்காரரின் கதை அவற்றுள் ஒன்றில் வருகிறது. வாதநோயின் வலிக்காக லாடனத்தையே நம்பியிருந்த காலின்ஸுக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. கட்டுப்பாடின்றி விற்ற அபினியை மருந்தாளர்கள் மட்டுமே, அதுவும் நஞ்சென முகப்புச்சீட்டு ஒட்டியே விற்கலாம் என்னும் சட்டம், இத்தொடர் முடியும் தறுவாயில்தான் நிறைவேறியது.

சுமைக்காரரின் வழியையே பின்பற்றி, எஸ்ரா ஜென்னிங்ஸ் என்னும் மருத்துவ உதவியாளர் பிளேக்குக்கு மறுபடியும் அபினி கொடுத்து, சாட்சிகள் முன்னிலையில் அந்த இரவை நடத்திப் பார்க்கிறார். வைரத்துக்குப் பதிலாக வைத்த போலிக் கல்லைப் பிளேக் எடுக்கிறார். ஆனால் அதை எங்கும் கொண்டுசெல்லாமல் கைநழுவவிட்டு உறங்கிவிடுகிறார். எடுத்த கை தெரிந்ததே தவிர, கல் போன இடம் தெரியவில்லை. அதற்கு, வைரத்தை அடகு பிடித்து வங்கியில் வைத்திருந்தவர் அதை மீட்கும் நாள்வரை காத்திருந்து, ஆள்வைத்துப் பின்தொடரும் பழைய துப்பறியும் முறையே தேவைப்பட்டது.