தண்ணீர் தேடினால் கரி, கரி தேடினால் தண்ணீர்!

நெய்வேலி என்றதும் நமக்கு நிலக்கரியும் கரண்ட்டும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரின் கதை ஒரு கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட, கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

அது எப்படி அங்கே வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலோரச் சதுப்பு நிலம். ஆறுகள் மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. சதுப்பில் விழுந்து புதைந்த மரம், செடி, கொடிகள் கரியாயின. கரிக்கு மேலும் கீழும் மணல், நடுநடுவே களிமண். இந்த அடுக்குகளுக்குக் கடலூர் மணற்கல் என்று பெயர். (திருவக்கரையில் பார்க்கிறோமே கல்மரங்கள், அவையும் இதே மணற்கல்லில் கிடப்பவைதான்.)

இனிதான் விஷயமே. இந்த அடுக்குகள் கிடையாக இல்லை, கடலைப் பார்த்துச் சரிந்திருக்கின்றன. மேற்கே மணற்கல் தரைக்கு வந்து தலை காட்டும் இடத்தில் மழைநீர் உள்ளே இறங்கி, கரிக்கு அடியில் இருக்கும் மணலுக்குள் ஓடுகிறது. மேலே கரியும் களிமண்ணும் மூடி போட்டதுபோல் இருப்பதால் ஏறி வர வழியில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஓட்டை போட்டால் என்ன ஆகும்? அதேதான்! அந்தக் காலத்தில் இங்கே போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கி வழிந்ததாம்.

1956-ல் நிறுவனம் தொடங்கி, 1957-ல் தோண்ட ஆரம்பித்து, கரியைத் தொட்டது 1961-ல். மேல்மண்ணை எடுத்துவிட்டால் கீழேயிருக்கும் நீரின் அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் தேடியவருக்குக் கரி கிடைத்தது, கரி தேடியவர்களுக்குத் தண்ணீர் தலைவலியானது!

இறைத்த நீர் வீணாகவில்லை; அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போனது. ஆனால் மணலடுக்குக்கு ஊர் எல்லை தெரியாதே. சுரங்கமும் இறைக்கிறது, வயல்களின் மோட்டார்களும் இறைக்கின்றன. தானாகப் பொங்கிய கிணறுகள் நின்றன. விவசாயிகள் மேலும் மேலும் ஆழமாகத் துளை போடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது கிழக்குப் பக்கத்தைப் பார்த்துத்தான். இதே அடுக்குகள் கடலுக்கு அடியிலும் தொடர்கின்றன. உப்புநீரை இத்தனை காலம் வெளியே தள்ளி வைத்திருந்தது நன்னீரின் அழுத்தம். அது குறையக் குறைய, கடல் உள்ளே வர வேறு வழி தேட வேண்டியதில்லை. தண்ணீர் கடலுக்குப் போன அதே மணல் வழியாகவே வந்துவிடும்.