எதிராளி காணாத பிழை

சதுரங்கத்தில் தவறான நகர்த்தல் பாதிப் பிழைதான். எதிராளி கண்டுகொண்டால்தான் அது முழுமை பெறும். 2014 நவம்பர் 15 அன்று ருசியாவின் சோச்சி நகரில் நடந்த ஆட்டம் இதற்குச் சான்று. உலகப் பட்டத்துக்காக மாக்னஸ் கார்ல்சனும் நம் சென்னையின் விசுவநாதன் ஆனந்தும் தலா இரண்டரைப் புள்ளிகளுடன் ஆறாம் ஆட்டத்துக்கு அமர்ந்தனர். 26ஆம் நகர்த்தலில் கார்ல்சன் தம் அரசனைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் காலாளை வெட்டியிருந்தால், அடுத்து அரசனுக்குச் செக் வைத்தபடியே இன்னொரு காலாளையும் கவர்ந்திருக்கலாம். அவரோ ஓரத்துக் காலாளை முன்னே தள்ளினார். அந்த ஆட்டமும் போயிற்று. பட்டத்தை மீட்கும் வாய்ப்பும் பின்னர் 6.5–4.5 என்று போயிற்று. ஆனந்துக்குத் திறமை போதவில்லை என்று யார் சொல்லத் துணிவார்? கார்ல்சன் தவறுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவே.

முந்திய ஆண்டு இவ்விருவரும் சென்னையில் மோதியபோது, பார்வையாளரிடையே ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான்: அம்பத்தூரை அடுத்த மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியில் பயின்ற குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவரே உலகப் பட்டத்துக்கு ஆடினார். கடைசியான 14ஆம் ஆட்டம், புள்ளிகள் 6.5–6.5. சமநிலையில் முடியவேண்டிய ஆட்டத்தில், டிங் லிரென் 55ஆம் நகர்த்தலாகக் கோட்டைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். தொடர்ந்து மந்திரிகளும் வெட்டுப்பட்டால், குகேஷிடம் மிகையாயிருந்த ஒரு காலாளே வெற்றிக்குப் போதும். குகேஷுக்கும் அது உடனே தென்படவில்லை. முன்பே எண்ணியிருந்த வேறொரு நகர்த்தலைச் செய்யவிருந்ததாகப் பின்னர் அவரே கூறினார். ஆனால் கை நின்றது. கண் மறுபடி பலகையைப் பார்த்தது. 58ஆம் நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். குகேஷுக்கு அப்போது வயது 18.