கோவைக்குள் அடங்காத பாத்திரங்கள்



கம்பர் இராமகாதையைப் பாட அமர்ந்தபொழுது, இராமன் யார் என்பதைத் தாமாகத் தேடித் துணிய வேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. அவன் யாருடைய மகன், யாரை மணந்தான், எதன்பொருட்டுக் காடேகினான் என்பன கேட்போர் அனைவரும் முன்னரே அறிந்த செய்திகள். அறிந்த ஒருவனைப் புதியவனாகக் காட்டியதிலேயே புலவரின் ஆற்றல் விளங்கிற்று. நாவலாசிரியனுக்கோ இவ்வசதி கிடையாது. அவன் நம் முன் அழைத்துவருவது ஒரு சலவைத் தொழிலாளியை, அல்லது வேலையிழந்த ஒரு பொறிவினைஞனை, அல்லது பட்டம் பெற்று வீடு திரும்பும் ஒரு மாணவனை. இவர்களைப் பற்றி எவரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. ஆதலின் எழுதத் தொடங்குமுன் இவர்களை அறிந்துகொள்ளும் பொறுப்பு முழுவதும் எழுதுபவன் தலையில் விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய நாவலாசிரியர் மூவர் இப்பொறுப்பை எங்ஙனம் ஏற்றனர் என்பதையும், அவர்கள் தீட்டிய திட்டங்களுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் இன்று உங்களோடு சேர்ந்து நோக்க விரும்புகின்றேன்.

1860 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ருஷ்ய எழுத்தாளர் இவான் துர்கனேவ், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைட் தீவில், வென்ட்னர் என்னும் சிற்றூரில் கடல் நீராடுவதற்காகத் தங்கியிருந்தார். ‘தந்தையரும் தனயரும்’ என்னும் நாவல் அங்கேதான் அவர் உள்ளத்தில் கருக்கொண்டது. முதலில் தோன்றியது கதையன்று, ஆள். நாட்டுப்புறத்து இளம் மருத்துவர் ஒருவரை அவர் முன்பு சந்தித்திருந்தார். அந்த மனிதரின் சாயலில் எழுந்தவனே பஸாரொவ். துர்கனேவ் மறைந்த மறு ஆண்டாகிய 1884 இல், அவரோடு பழகிய அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் அவருடைய தொழில் முறையை விளக்கி எழுதினார். கதை தொடங்கும் நாள்வரை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்னென்ன நிகழ்ந்தன என்பதை ஒரு வாழ்க்கை வரலாறு போல எழுதி வைத்துக்கொள்வது துர்கனேவின் வழக்கமாம். பெயர்பெற்ற குற்றவாளிகளைப் பற்றிப் பொலிஸார் வைத்திருக்கும் கோவையை அதற்கு உவமை காட்டினார் ஜேம்ஸ். உவமை சற்றே கடுமையானதுதான், ஆயினும் பொருத்தமற்றதன்று.

நாவல் 1862 இல் வெளிவந்ததும் ருஷ்யாவில் பெரும் பூசல் மூண்டது. ஆசிரியர் இளைஞரின் காலடியில் விழுந்துவிட்டார் என்று முதியோர் சிலர் சினந்தனர்; எங்களை இழித்துரைத்துவிட்டார் என்று இளைஞர் பலர் சினந்தனர். பஸாரொவை எந்தக் கட்சியின் பட்டியலிலும் சேர்க்க முடியாமற் போனமையே இரு சாராரின் கோபத்துக்கும் காரணம் என்று நான் கருதுகின்றேன். ஒருவனைப் பிறந்த நாள்முதல் அறிந்திருப்பவன், அவனை ஒரு கொள்கையின் பெயரால் மட்டும் அழைக்க மனங்கொள்ளான்.

கோவை எழுதியும் ஆள் வந்து சேராமற் போவதுண்டு. 1867 ஆம் ஆண்டில் தொஸ்தோயெவ்ஸ்கி ஜெனீவா நகரில் இருந்தார். கடன்காரருக்கு அஞ்சி நாட்டை விட்டு வந்தவர், சூதாட்டத்தில் கைப்பொருளை இழந்தவர், மனைவியோ கருவுற்றிருந்தார். ‘ருஷ்யத் தூதன்’ என்னும் சஞ்சிகையிடமிருந்து முன்பணமும் பெற்றாயிற்று. நாவல் மட்டும் வரவில்லை. அவருடைய குறிப்பேடுகள் 1931 இல் மொஸ்கோவில் அச்சேறின. அவற்றில் ‘அசடன்’ என்று பெயரிடப்பட்டிருப்பவனைக் காணும் வாசகர் திகைத்துப் போவர். பெருஞ்செருக்கும் அடங்காத வெறியும் கொண்டவன் அவன், பழிவாங்கவும் துணிபவன், வன்செயலுக்கும் பின்னிற்காதவன். ஒரு திட்டத்தில் ஒரு குடும்பத்தின் மகன்; மற்றொன்றில் வேறொரு குடும்பத்தவன். உறவு முறைகளும் காதல்களும் பக்கத்துக்குப் பக்கம் மாறிக்கொண்டேயிருக்கின்றன.

டிசம்பர் 4 ஆம் திகதி அவர் எழுதியவற்றையெல்லாம் எறிந்துவிட்டார். அதன் பின்னர் இரு வாரங்கள், நாளொன்றுக்கு ஆறு திட்டங்களுக்குக் குறையாமல் மனத்தில் வகுத்தும் கலைத்தும் வந்ததாக, கவிஞரான தம் நண்பர் மாய்க்கொவுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவிக்கின்றார். 18 ஆம் திகதி எழுத அமர்ந்தார். 1868 ஜனவரி 5 ஆம் திகதி முதல் ஐந்து அதிகாரங்களும் தபாலிற் சென்றன. அவற்றில் நாம் காண்பவன் மிஷ்கின் இளவரசன்: குழந்தையுள்ளமும் காக்காய் வலிப்பு நோயும் உடையவன், தன்னை ஏளனஞ் செய்வோரையும் வெறுக்க அறியாதவன். பழைய அசடனின் பெயர் மட்டுமே இவனுக்கு எஞ்சியது. அப் பழையவனின் வெறியோ அழிந்தொழியவில்லை. அதே நாவலில் ரொகோஷின் என்னும் மற்றொருவனிடம் அது குடிபுகுந்திருப்பதைக் கூர்ந்து படிப்போர் உணரலாம். மூன்று மாதத் திட்டங்கள் வீணாயின என்று சொல்வதற்கில்லை. வேண்டாதவன் யார் என்பதை அறிய அத்தனை தாள்கள் தேவைப்பட்டன.

இனி, திட்டமிடுவதில் இவ்விருவரையும் விஞ்சிய ஒருவரிடம் வருவோம். துர்கனேவின் கோவை பாத்திரத்தின் கடந்த காலத்தைக் கூறியது. பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் ஸோலாவின் கோவையோ வருங்காலத்தையும் கூறத் துணிந்தது. 1868 இலும் அடுத்த ஆண்டிலும், முப்பது வயதை எட்டுமுன்னரே, அவர் பாரிஸ் நூல்நிலையத்தில் அமர்ந்து, புரொஸ்பர் லூக்காஸ் என்னும் மருத்துவர் பரம்பரை இயல்பு பற்றி எழுதிய பெருநூலைக் குறிப்பெடுத்துப் படித்தார். ஒரே குடும்பம், பைத்தியத்தின் சாயல் படிந்த ஒரு மூதாட்டி, அவளுடைய கணவன் வழியில் ஒரு கிளை, காதலன் வழியில் மற்றொரு கிளை. அவளுடைய இரத்தத்திலிருந்த குறை, பேரப்பிள்ளைகளிடம் குடியாகவும் வெறியாகவும் கலையாகவும் கொலையாகவும் எங்ஙனம் வெளிப்படுகின்றது என்பதை வரிசையாக நாவல்களில் காட்டுவது அவர் நோக்கம். பத்து நாவல்கள் என்று பதிப்பாளரிடம் திட்டம் கொடுத்தார். 1871 முதல் 1893 வரை இருபது நாவல்கள் வெளிவந்தன.

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு கோவை இருந்தது. ஸோலாவின் மனைவி அவற்றை நாட்டின் நூல்நிலையத்துக்கு அளித்தமையால் இன்று ஆராய்ச்சியாளர் அவற்றைப் பார்க்க முடிகின்றது. முதலில் ஆசிரியர் தமக்குத் தாமே பேசிக்கொள்வது போல எழுதிய முன்வரைவு. அப்பால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தாள். வயது, உருவம், உடற்கூறு, மனப்போக்கு, தாயிடமிருந்து பெற்றது, தந்தையிடமிருந்து பெற்றது, கதையிற் செய்யப்போவது என அத்தாள் விரியும். ஒரே காட்சியில் வந்து மறையும் ஆளுக்குங்கூடத் தாள் உண்டு. எட்டாவது நாவலோடு, 1878 இல், குடும்பத்தின் வமிச மரத்தையே அச்சிட்டு வெளியிட்டார். ஒரு வரியேனும் எழுதுமுன்னர், 1868 இலேயே வகுத்த மரம் இது என்று அவர் அறிவித்தபோது, சற்றுப் பெருமிதம் கலந்திருந்தது.

அந்த மரத்தில் ஒரு கிளை எத்தியென் லாந்தியெ. சலவைத் தொழிலாளி ஜெர்வேஸின் மகன். பெற்றோரின் குடி இவனிடம் கொலைவெறியாக மாறும் என்பது ஆசிரியர் விதித்த விதி. நீதிமன்ற உலகைப் பற்றிய ஒரு நாவலுக்கு இவனே குற்றவாளியான கதாநாயகன் என்று பத்து நாவல் திட்டத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் ஒரு சொல். ஒரு பாடசாலையின் அதிபர் என்ற முறையில், மாணவரின் பெயர், பிறந்த திகதி, தந்தையார் தொழில் முதலியவற்றைக் கொண்ட இடாப்புகளின் நடுவே என் நாட்கள் கழிகின்றன. ‘இவன் இன்னாருடைய பிள்ளை’ என்ற குறிப்பு ஆசிரியர் ஒருவர் கண்ணில் பட்டபின், அப்பிள்ளையின் ஒவ்வொரு குறும்பும் அக்குறிப்புக்குச் சான்றாகிவிடுவதை நான் கண்டிருக்கின்றேன். ஸோலாவின் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவ்விடாப்பு நினைவுக்கு வரும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு பரம்பரையின் விதிகளை ஆராய்ந்த மெண்டலின் கட்டுரை 1866 இலேயே அச்சாகியிருந்தது. 1900 வரை அதனைப் பொருட்படுத்துவார் இலர். ஸோலா நம்பியது லூக்காஸை.

1884 பெப்ரவரியில் வட பிரான்ஸிலுள்ள அன்சான் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஸோலா உடனே புறப்பட்டுச் சென்றார், தொழிலாளர் குடியிருப்புகளில் நுழைந்தார், சுரங்கத்தினுள்ளும் இறங்கினார். கண்டவற்றைக் கொண்டு எழுதிய ‘ஜெர்மினல்’ 1885 இல் நூலாயிற்று. பழைய பத்து நாவல் திட்டத்தில் இந்த நாவலே இல்லை. வேலை தேடி இரவில் தனியே நடந்துவரும் ஓர் இளைஞன் அதற்கு வேண்டியிருந்தது. எத்தியென் அழைக்கப்பட்டான்.

அவன் வந்தபோது விதியையும் உடன் கொண்டே வந்தான். லீல் நகரப் புகையிரதப் பட்டறையில், குடிவெறியில் மேலதிகாரியை அறைந்து வேலை இழந்தவன் அவன். மது உள்ளே போனால் கொல்ல வேண்டும் என்ற வெறி தன்னுள் எழுவதை அவனே அறிவான். ஆனால் சுரங்கத்துக்குள் இறங்கியபின் அவனுக்கு வேறு வேலைகள் வந்துவிட்டன. அவன் புத்தகம் படித்தான், அரைகுறையாய் விளங்கியதை மற்றவர்க்கு விளக்கினான், வேலைநிறுத்தத்தின் தலைவனானான், பசித்த மக்களின் முன் நின்று நம்பிக்கை ஊட்டினான், தோற்றான், அவர்களாலேயே கல்லெறியுண்டான். வெள்ளம் புகுந்த சுரங்கத்தினுள் அவன் ஒருவனைக் கொல்வது மெய்தான். மரத்தின் விதி அங்கே தன் கடனை வசூலித்துக்கொண்டது. எனினும் இறுதியில் அவன் பாரிஸை நோக்கி வசந்தகால வெயிலில் நடந்து செல்கையில், வாசகர் மனத்தில் நிற்பது கொலையாளியன்று. 1902 இல் ஸோலாவின் சவ ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் ‘ஜெர்மினல்! ஜெர்மினல்!’ என்று முழங்கிச் சென்றனர்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. குற்றவாளியைப் பற்றிய அந்தப் பழைய நாவலை எழுதும் முறை வந்தது. புகையிரத உலகையும் அதனோடு இணைக்க எண்ணிய ஸோலா, 1889 ஏப்ரலில் இயந்திரச் சாரதிகளோடு நின்றபடி பாரிஸிலிருந்து மாந்த் வரை பயணஞ் செய்து குறிப்பெடுத்தார். கதாநாயகன் பெண்களைக் கண்டால் கொலைவெறி கொள்ளும் ஒரு சாரதி. பெயர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. அச்சிட்ட மரத்திலும் இருந்தது. ஆனால் எத்தியெனை அந்த இயந்திரத்தில் ஏற்ற ஸோலாவால் இயலவில்லை. தொழிலாளரோடு பசித்திருந்தவனை அங்ஙனம் ஆக்கினால் வாசகர் நம்பார். ஸோலாவே நம்பியிருக்க மாட்டார். தாம் அச்சிட்டதை அவர் தாமே மீறினார். ஜெர்வேஸுக்கு இன்னொரு மகன் பிறந்தான்: ழாக் லாந்தியெ. இத்தனை காலம் இவன் எங்கே போயிருந்தான் என்று எவரேனும் கேட்டால் விடை வேண்டுமே! தாய் பாரிஸுக்குச் சென்றபோது இவன் சொந்த ஊரிலேயே, ஞானத்தாயிடம் விடப்பட்டான் என்று ஓர் ஏற்பாடு செய்தார். ‘மனித மிருகம்’ 1890 இல் வெளிவந்தது. 1893 இல், கடைசி நாவலோடு வந்த புதிய மரத்தில் ழாக்குக்கும் ஒரு கிளை உண்டு. எத்தியெனுக்கு விதித்திருந்த குற்றம் அக்கிளையில் எழுதப்பட்டது.

ஜெர்வேஸின் கதையைக் கூறும் ‘லசொம்வார்’ 1877 இலேயே நூலாகிவிட்டது. அதன் முதற் காட்சியில், பாரிஸின் ஒரு மலிவான விடுதியறையில், இரவு முழுவதும் வீடு திரும்பாத காதலனை எதிர்நோக்கி அவள் இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கின்றாள். அருகே பிள்ளைகள் உறங்குகின்றனர். எட்டு வயதுக் குளோத், நான்கு வயது எத்தியென். இளையவனின் கை அண்ணனின் கழுத்தைச் சுற்றிக் கிடக்கின்றது. இன்று அந்நூலைத் திறந்தாலும் அவ்வறையில் பிள்ளைகள் இருவரே.