மெருகு ஏறிய கதை

தமிழில் 'கார்' என்றால் கருமை. கரிய மேகத்துக்கும் அதுவே பெயர். ஆங்கிலத்திலிருந்து வந்து நம் தெருக்களில் ஓடும் 'கார்' என்னும் சொல்லுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. ஆயினும், ஹென்றி ஃபோர்டின் ஆலை 1914-லிருந்து 1925 வரையில் 'மாடல் டி' வண்டிகளைக் கருநிறம் ஒன்றிலேயே வெளியிட்டு வந்தது என்பதைப் படிக்கும்போது, இந்தப் பெயர்ப் பொருத்தத்தை எண்ணிச் சற்றே புன்னகை செய்யத் தோன்றுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பார்க்கையில் நம்மைச் சிந்திக்க வைக்கும் மற்றொரு சொல் 'மெருகேற்றுதல்' என்பது. எதையோ புதிதாக மேலே ஏற்றி வைப்பதுபோல அச்சொல் ஒலிக்கிறது. நடப்பதோ நேர்மாறானது. மெருகிடுபவர் எதையும் ஏற்றுவதில்லை, கழிக்கிறார். வர்ணத்தின் மேற்பரப்பில் விழுந்த கீறல்களின் அடிமட்டம் வரையில் சுற்றிலுமுள்ள பரப்பைத் தேய்த்துச் சமனாக்குகிறார். சமமான பரப்பில் பட்ட ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அதைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். எவ்வளவு கழிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே இக்கலையின் உயிர்நிலை. மோட்டார் வண்டியின் வரலாறு நெடுகிலும் அந்த அளவு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதல் மோட்டார் வண்டிகளுக்கு வர்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிக்குப் பூசிப் பழகிய கைகளே. எண்ணெயில் குழைத்த சாயத்தைத் தூரிகையால் பூசுவார்கள். உலர்ந்ததும் நுரைக்கல் பொடியையும் நீரையும் கம்பளித் துணியில் எடுத்துத் தேய்ப்பார்கள். மீண்டும் பூசுவார்கள், மீண்டும் தேய்ப்பார்கள். கடைசியில் வார்னிஷ் பூசி, அதையும் மக்கிய சுண்ணக்கல்லின் மென்பொடியால் மெருகிடுவார்கள். ஒரு வண்டி முடிய மூன்று நான்கு வாரங்கள் ஆவது வழக்கம். பூச்சின் மேல் பூச்சாக அடுக்கிய அந்தப் படலம் தடிமனானது. தேய்த்த கையோ மெதுவானது. கை தவறினாலும் வர்ணம் பொறுத்துக்கொண்டது. வர்ணம் பொறுத்தாலும் தேய்த்தவரின் உடல் பொறுக்கவில்லை. அக்காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. உலர்ந்த பூச்சைத் தேய்க்கும்போது எழுந்த தூசியை அவர்கள் நாள்தோறும் சுவாசித்தார்கள். பளபளக்கும் கோச்சு வண்டிகளுக்குப் பின்னால் ஈய நஞ்சேறிய தொழிலாளர்கள் இருந்தனர் என்பதை மறப்பதற்கில்லை.

ஃபோர்டு கருநிறத்தைத் தேர்ந்ததற்கு அழகு காரணமன்று. நிலக்கீல் கலந்த கருப்பு எனாமல் மலிவானது. சூளையில் சுட்டால் கெட்டிப்படுவது. நீண்ட நாள் உழைப்பது. ஆனால், வாங்குபவர்கள் வண்ணத்தை விரும்பினார்கள். அந்த விருப்பத்துக்கு விடை வெடிமருந்துச் சாலையிலிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது. பருத்தியை அமிலங்களில் ஊறவைத்துப் பெறும் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளே பீரங்கிக்கு வெடிமருந்தாகவும், திரைப்படச் சுருளாகவும் பயன்பட்டு வந்தது. அதையே வர்ணத்துக்கு அடிப்படையாக்கி, அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்னும் பெயரில் ஒரு லாக்கரை ஆக்கிற்று. 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்டு வண்டிகளில் அதைப் பூசத் தொடங்கியது. வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. இன்றும் தில்லியிலோ நாகபுரியிலோ ஒரு பட்டறைக்காரர் 'டூகோ பெயிண்ட்' என்று சொன்னால், நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெயரைத்தான் தம்மை அறியாமல் சொல்கிறார். பீரோவுக்கும் கட்டிலுக்கும்கூட நம் நாட்டில் அப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டூகோவுக்கு ஒரு குறை இருந்தது. அது மிக விரைவில் உலர்வதால் தூரிகைக்கு அடங்காது. பீச்சாங்குழல் போன்ற துப்பாக்கியால் தூவ வேண்டும். தூவி உலர்ந்ததும் மங்கலாகவே நிற்கும். தேய்த்து மெருகிட்டாலன்றி அதில் ஒளி பிறக்காது. வர்ணம் பூசும் வேலை குறைந்த இடத்தில் மெருகிடும் வேலை பெருகியது. அதுவே தனித் தொழிலாகவும் ஆயிற்று.

அதே ஆண்டுகளில் மின்னசோட்டா மாநிலத்திலிருந்த 3எம் நிறுவனத்திலிருந்து இரண்டு எளிய பொருள்கள் வெளிவந்தன. ஒன்று, நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய உப்புத்தாள். ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவரின் கண்டுபிடிப்பாகிய அது 1921-இல் விற்பனைக்கு வந்தது. நம் பெயிண்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்பது அதையே. நீர் தூசியை அடக்கிற்று. ஈயத் தூசியை விழுங்கும் கொடுமை குறைந்தது. அந்தத் தாளைச் சோதித்துப் பார்ப்பதற்காக ஒரு வண்டிப் பட்டறைக்குச் சென்ற ரிச்சர்டு ட்ரூ என்னும் இளைஞர், அங்கே பெயிண்டர்கள் வாய்க்கு வந்தபடி வைது கொண்டிருப்பதைக் கேட்டார். இரண்டு வர்ணம் பூசிய வண்டிகள் அப்போது நாகரிகமாயிருந்தன. முதல் வர்ணத்தை மறைக்கக் காகிதத்தை ஒட்டி, அடுத்த வர்ணத்தைப் பூசிவிட்டுக் காகிதத்தை உரித்தால், கூடவே முதல் வர்ணமும் உரிந்து வந்துவிடும். ட்ரூ முயன்று, உரித்தால் தடம் தெரியாமல் வரும் ஒரு நாடாவை 1925-இல் ஆக்கினார். முதலில் செலவைக் குறைக்க ஓரங்களில் மட்டும் பசை தடவியிருந்ததால் அது நழுவி விழுந்ததாம். 'இந்த ஸ்காட்லாந்துக் கஞ்சத்தனம் ஏன்?' என்று ஒரு பெயிண்டர் சீறியதாகவும், 'ஸ்காட்ச்' என்னும் பெயர் அதனால் வந்ததாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், வர்ணத்தைக் காக்கப் பிறந்த அந்த மாஸ்கிங் டேப் இன்று மெருகிடும் பொறியிடமிருந்தும் வர்ணத்தைக் காத்து வருகிறது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, பொறியின் கதை. கையில் ஏந்தி இயக்கும் மின்சாரத் துளைக் கருவியை ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரிலிருந்த ஃபைன் நிறுவனம் 1895-இல் செய்தது. துளைக்கும் ஊசி இருந்த இடத்தில் ஆட்டுரோம வட்டைப் பொருத்தினால் அதுவே மெருகிடும் பொறி. பட்டறைகளில் 'பஃபிங் மிஷின்' என வழங்குவது இதன் வழித்தோன்றலே. மனிதக் கை ஒரு நாள் முழுவதும் செய்வதை அது ஒரு மணியில் செய்துவிடும். அதன் வலிமையும் ஆபத்தும் ஒரே கணக்கில் அடங்கியுள்ளன. 180 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டு நிமிஷத்துக்கு 1500 முறை சுழன்றால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 51 கிலோமீட்டர் வேகத்தில் வர்ணத்தின் மேல் ஓடுகிறது. சுழற்சியை 3000 ஆக்கினால் அது 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வட்டின் நடுப்புள்ளியோ கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆதலின், வட்டைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் முழு விசையும் விளிம்பின் ஒரு கீற்றில் வந்து குவிகிறது. அங்கே தேய்வும் அதிகம்; சூடும் அதிகம். இரும்புத் தகடு அந்தச் சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். பிளாஸ்டிக்கால் ஆன பம்பர் பரப்பாது. அதனால் அங்கே வர்ணம் விரைவில் வெந்துபோகும்.

நம் நாட்டுக்கு வருவோம். கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாஸடரையும், மும்பையின் குர்லாவில் உருவாகி, 2023 வரை அந்நகரில் கருப்பு மஞ்சள் வாடகை வண்டியாக ஓடிய பத்மினியையும் வெளி மாநிலத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரயிலை விட்டு இறங்கிய முதல் நாளில் பலரையும் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தவை அவை. அவற்றின் ஆயுளில் எத்தனையோ முறை டிங்கர் வேலை நடக்கும்; புட்டி அப்பி, பூச்சின் மேல் பூச்சு ஏறும். அந்த வர்ணத்துக்கு ஒரு நற்குணம் உண்டு: தேய்க்கும்போது அது பேசும். நீல வண்டியைத் தேய்த்தால் துணி நீலமாகும். மஞ்சளைத் தேய்த்தால் மஞ்சளாகும். துணியின் நிறம் அடர்ந்ததும் 'போதும்' என்று உஸ்தாத் கையைத் தட்டுவார். சீடன் கற்றது அந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

1980-களில் உலகெங்கும் பரவி, பின்னர் நம் சாலைகளையும் நிறைத்த புதிய முறை இந்தப் பேச்சை நிறுத்திவிட்டது. நிறம் ஒரு மெல்லிய அடிப்பூச்சாகவும், அதன்மேல் 'கிளியர் கோட்' என்னும் நிறமற்ற படலமாகவும் வர்ணம் இரண்டாகப் பிரிந்தது. கழிவது கண்ணாடி போன்ற மேற்படலம் ஆதலின், வட்டில் நிறம் ஏறுவதில்லை. எவ்வளவு போயிற்று என்பதைக் கண் அறியாது. ஆலை வர்ணத்தின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 100-லிருந்து 120 மைக்ரான்; அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 அல்லது 50 மைக்ரான், அதாவது தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அந்தப் படலமே. அதை மெலியத் தேய்த்த வண்டி அன்று மாலை கண்ணைப் பறிக்கும். சில ஆண்டுகளில் கூரையும் பேனெட்டும் வெளிறி உரியத் தொடங்கும். பொறி வலுத்தது, படலம் மெலிந்தது, எச்சரிக்கும் நிறமும் மறைந்தது. இம்மூன்றும் ஒருசேர நிகழ்ந்ததே, பழைய உஸ்தாதின் பாடம் மட்டும் இன்று போதாமைக்குக் காரணம் என்பது நம் கருத்து.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்கும் புணேக்கும் குருகிராமத்துக்கும் வந்து, வண்டி கழுவும் கடைகளில் சேரும் இளைஞர்கள் உண்டு. சில வாரங்களில் அவர்கள் கையில் பொறி வந்துவிடுகிறது. ஒரு விளிம்பில் வர்ணம் வெந்தால் அந்தப் பகுதி முழுவதையும் மறுபடி பூச வேண்டும்; பல கடைகளில் அந்தச் செலவு தொழிலாளியின் கூலியில் விழுகிறது. வண்டிக்காரரோ ஐந்தாண்டு, ஏழாண்டுத் தவணையில் வாங்கியவர். அவருக்கும் ஆலை வர்ணம் திரும்பக் கிடைப்பதில்லை. இருவர் பொருட்டும் முறையை விளக்குவது தகும்.

வண்டியை நன்கு கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகளே வட்டில் சிக்கி வளையம் வளையமாகக் கீறிவிடும். நிழலில் நிறுத்தித் தகடு குளிர்ந்த பின்பே தொடங்க வேண்டும். விளிம்புகள், மடிப்புக் கோடுகள், ரப்பர், பிளாஸ்டிக் ஆகியவற்றின்மேல் ட்ரூவின் நாடாவை ஒட்ட வேண்டும். ஈர வர்ணம் கூரிய விளிம்பைவிட்டு இருபுறமும் விலகி நிற்கும் இயல்புடையது. அதனால் விளிம்பில் படலம் எப்போதும் மெல்லியது, வட்டின் அழுத்தமும் அங்கேதான் குவிகிறது. பொறியை இயக்கியபின் தகட்டில் வைக்கலாகாது. தகட்டில் வைத்தபின் இயக்க வேண்டும். இல்லையேல் காம்பவுண்டு முகத்தில் தெறிக்கும். 600 சுற்றில் மருந்தைப் பரப்பி, பிறகு 1200 அளவில், ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வட்டைப் படியவைத்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இரு கைகளும் பொறியை விடக்கூடாது. விளிம்பை நெருங்கும்போது வட்டு தகட்டிலிருந்து வெளிநோக்கி ஓடும் பக்கமே விளிம்பில் படவேண்டும். விளிம்பை எதிர்த்து ஏறும் பக்கம் படலாகாது. நிறுத்தியதும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். கை பொறுக்காத சூடு வர்ணத்துக்கும் ஆகாது. மென்மையான நுரை வட்டில் தொடங்கி, போதாதபோது மட்டும் கடுமையான ரோம வட்டுக்குச் செல்வது முறை. தடிமன் அளக்கும் மீட்டர் இருந்தால் நலம். எனினும் சாதாரண மீட்டர் எல்லாப் பூச்சையும் சேர்த்தே சொல்லும், கிளியர் கோட்டைத் தனியே பிரித்துச் சொல்லாது.

மின்கம்பி தோளுக்குப் பின்னால் போகட்டும். கழுத்துத் துண்டு, தளர்ந்த சட்டைக் கை, கயிறு கட்டிய தாயத்து இவை சுழலும் வட்டுக்கு இரை. கண்ணுக்குக் கண்ணாடியும், மூக்குக்கு முகமூடியும், காலுக்கு ரப்பர்ச் செருப்பும் வேண்டும். தரை ஈரமாயிருந்தால் வேலை வேண்டாம். கற்பவர்க்குச் சுழன்றுகொண்டே ஆடும் இரட்டை அசைவுப் பொறி மேலும் பாதுகாப்பானது. அதை மிகையாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். நேர்ச்சுழல் பொறி நிற்காது.

ஆனால் எவ்வளவு சொன்னாலும் கைக்குத் தெரியவேண்டியது கைக்குத்தான் தெரியும். சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ, அப்படித் தில்லிக்கு மாயாபுரி, மும்பைக்குக் குர்லா, கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார். பழைய பேனெட் ஒன்றை எடைக்கு வாங்கி மரக்காலின்மேல் கட்டிவையுங்கள். ஒரு வாரம் அதில் பழகியபின், அதன் ஓர் ஓரத்தில் நாடாவை நீக்கிவிட்டு, வேண்டுமென்றே வட்டைச் சாய்த்து அசையாமல் பிடியுங்கள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுங்கள். வர்ணம் போய் அடியிலுள்ள பிரைமர் தெரியும்போது எண்ணிக்கை எதில் நிற்கிறதோ, அதைச் சாக்கட்டியால் அந்தத் தகட்டிலேயே எழுதி வையுங்கள். பிறகு ரோம வட்டை மாற்றி நுரை வட்டைப் பொருத்தி, மற்றோர் ஓரத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.