ஜான் ஆக்ஸனுக்கு முன்: வானொலியில் தன் கதையைத் தானே சொன்ன குரல்

விபத்தில் இறந்த ரயில் ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய ‘தி பாலட் ஆஃப் ஜான் ஆக்ஸன்’ நிகழ்ச்சியை பி.பி.சி. 1958 ஜூலை 2 அன்று ஒலிபரப்பியது. எளிய மனிதர் தம் வாழ்வைத் தம் வாயாலேயே சொல்லும் வானொலி மரபை எழுதுவோர் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். இதற்கு வலுவூட்டுவது, அதன் பாடலாசிரியர் இவான் மக்கால் தம் தன்வரலாறான ‘ஜர்னிமேன்’ நூலில் (1990) தரும் விளக்கம். அவரும் தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கரும் ரயில் தொழிலாளரிடம் ஒலிப்பதிவு செய்தது தகவல் திரட்டத்தான். அதைக் கொண்டு உரை எழுதி நடிகரைப் பேசவைப்பதே திட்டம். ஆனால் நாடாக்களைக் கேட்டதும், இந்தப் பேச்சை எந்த நடிகராலும் பேச முடியாது என்று உணர்ந்து திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இப்படி நடந்ததை நான் மறுக்கவில்லை. இதை ஒரு கண்டுபிடிப்பாக வாசிப்பதைத்தான் மறுக்கிறேன்.

இருபதாண்டு முன்பே மான்செஸ்டரில் இக்குரல் காற்றில் ஏறிவிட்டது. 1935இல் டி. ஜி. பிரிட்சன் தயாரித்த ‘ஹாரி ஹோப்ஃபுல்’ தொடரில் வட இங்கிலாந்தின் ஊர்மக்கள் பேசினார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் பேசியதைக் குறிப்பெடுத்து, உரையாக எழுதி, ஒத்திகை பார்த்து, அதையே ஒலிவாங்கி முன் சொல்லவைத்தார்கள். குரல் அவர்களுடையது, சொல்லும் பெருமளவு அவர்களுடையதே, ஆனால் நடுவே தாள் இருந்தது. அந்தத் தாளை அகற்றியவர் தயாரிப்பாளர் ஆலிவ் ஷாப்ளி. 27 அடி நீளமும் 7 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ஒலிப்பதிவு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கும் வீட்டுக்கும் போனார். 1938இல் ‘ஹோம்லெஸ் பீப்பிள்’ நிகழ்ச்சியில் வீடற்றவர்களைப் பேசவைத்தார். 1939இல் டர்ஹம் பகுதியின் கிரேக்ஹெட் கிராமத்துச் சுரங்கத் தொழிலாளர் மனைவியரையும், பிரான்சில் அதே நிலையில் வாழ்ந்த பெண்களையும் அருகருகே வைத்தார்.

இவற்றுள் நான் முதன்மைச் சான்றாகக் கொள்வது அதே ஆண்டின் ‘தி கிளாசிக் சாயில்’. 1840களில் எங்கெல்ஸ் கண்ட மான்செஸ்டரையும் 1939இன் மான்செஸ்டரையும் ஒப்பிடும் நிகழ்ச்சி அது. பதிவு இன்றும் பிழைத்திருக்கிறது. வண்டியில் வெட்டிய ஒலித்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 4 நிமிடம்தான் அடங்கும். நாடாபோல் அதை வெட்டி ஒட்ட முடியாது. எனவே பேச்சு துண்டுகளாகத்தான் வருகிறது. இடையிடையே விவரிப்பாளர் நுழைகிறார், எங்கெல்ஸை நினைவூட்டுகிறார், நூறாண்டில் என்ன மாறியது என்று கேட்கிறார். பி.பி.சி. ஒலிபரப்பியதிலேயே மிகவும் ஒருசார்பான நிகழ்ச்சி இதுவாக இருக்கலாம் என்று ஷாப்ளியே பிற்காலத்தில் கருதினார். இந்தத் தற்கண்டனத்தை முழுதாக ஏற்க எனக்கு மனமில்லை. சார்பு விவரிப்பில் இருக்கிறது. தம் வறுமையைச் சொல்லும் மனிதர்களின் குரலில் இல்லை. அக்குரல்களை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால், 1958இல் பாராட்டப்பட்ட அதே உயிர்ப்பு அவற்றிலும் இருக்கிறது.

அந்த விவரிப்பாளர் ஜோன் லிட்டில்வுட். அன்று ஜிம்மி மில்லர் என்ற இயற்பெயரோடு மான்செஸ்டரில் நாடகமும் வானொலிப் பணியும் செய்துவந்த மக்காலின் மனைவி. மக்கால் பிரிட்சனின் நிகழ்ச்சிகளிலும் பங்கேற்றவர். தம் மனைவி குரல்கொடுத்த நிகழ்ச்சியின் முறையை அறியாமல் அவர் இருபதாண்டு இருந்திருப்பாரா? நேரடி ஆவணம் எதையும் நான் காட்டவில்லை. சூழ்நிலைச் சான்று மட்டுமே என் கையில் உள்ளது. ஆனாலும் அழுத்தியே சொல்வேன்: 1958இன் முடிவு புதிதாகத் தோன்றிய எண்ணமன்று. இடையில் அறுந்துபோன மரபு மீண்டும் துளிர்த்தது.

அறுந்ததற்கான காரணங்கள் தெளிவு. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் வட்டார ஒலிபரப்பு நின்று ஒரே தேசிய ஒலிபரப்பானது. தணிக்கைக்காகப் பேச்செல்லாம் மீண்டும் எழுத்துக்குத் திரும்பியது. மணமான பெண்கள் நிரந்தரப் பணியில் நீடிக்கலாகாது என்ற விதியால், அதே ஆண்டு ஷாப்ளி பதவியை விட நேர்ந்தது. ஒரு மரபை உருவாக்கியவரின் பெயர் அதன் வரலாற்றில் மங்கிப்போனதற்கு இவ்விதியும் காரணம் என்றே நினைக்கிறேன். ஆய்வாளர்கள் இதற்கு இன்னும் போதிய இடம் தரவில்லை.

அப்படியானால் 1958இல் புதிதாக வந்தது எது? விவரிப்பாளர் மறைந்ததுதான். 1957 பிப்ரவரி 9 அன்று நீராவிக் குழாய் உடைந்து, சரக்கு ரயில் கட்டுமீறிச் சரிவில் ஓடியபோது, ஓட்டுநர் ஆக்ஸன் துணையாளைக் குதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினைப் பற்றிக்கொண்டே போய், சேப்பல்-என்-லெ-ஃப்ரித் நிலையத்தில் நேர்ந்த மோதலில் இறந்தார். அந்தக் கதையைத் தொழிலாளர் குரலும், மக்கால் எழுதி பெக்கி சீகர் இசை ஒருங்கமைத்த பாடலும் மட்டுமே நடத்திச் செல்கின்றன. சர்க்கரை மிட்டாய்த் தண்டில் பிளாக்பூல் என்ற ஊர்ப்பெயர் முழு நீளமும் ஓடுவதுபோல ரயில்வே தங்கள் முதுகெலும்பினூடே ஓடியதாக ஒரு முதிய தொழிலாளி சொல்கிறார். அதன் மேல் எவரும் விளக்கம் ஏற்றவில்லை. நாடாவை வெட்டி ஒட்ட முடிந்ததால் வந்த சுதந்திரம் இது. நடிகரைக் கைவிட்ட நாளை விபத்துக்கும் ஒலிபரப்புக்கும் இடையே எங்கே வைப்பது என்பதில் நான் உறுதியாக இல்லை. என் வாதத்துக்கு அந்நாள் தேவையுமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸன் இறந்தவர், அவர் கதையைச் சொல்வோர் பிறர். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்லும் முறை ஆக்ஸன் நிகழ்ச்சியில் தொடங்கிய எட்டு நிகழ்ச்சிகளின் வரிசையில் உச்சம் பெறுவது 1962இன் ‘தி பாடி ப்ளோ’வில். இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஐவர், நோய் உடலைப் பிடித்த விதத்தையும் அதன்பின் வாழப் பழகியதையும் அதில் சொல்கிறார்கள். ‘ஹோம்லெஸ் பீப்பிள்’ நிகழ்ச்சிக்கு நெருங்கிய உறவு ஆக்ஸன் அன்று, இந்த ஐவரே. மரபின் கோட்டை வரைய வேண்டுமானால் 1938ஐயும் 1962ஐயும் இணைத்து வரையவேண்டும்.