பாம்புச் சட்டையை உரிக்கிறது யார் வேலை?

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு போன். பெரம்பூர்ல ரெண்டு தெரு தள்ளி இருக்கிற நண்பர். "பாம்புக்கு சட்டை பாதியில மாட்டிக்கிச்சு, கொஞ்சம் வாங்களேன்!"

அவர் வளர்க்கிறது பால் பைத்தான். பால் குடிக்கும்னு நினைச்சுக்காதீங்க :) பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் அந்தப் பேர். ஆப்பிரிக்கா இனம். முறையா பதிவு பண்ணி வச்சிருக்கார். (நம்மூர்ப் பாம்பை வீட்டுல வச்சா சட்டப்படி குற்றம், ஆசைப்படாதீங்க.)

போய்ப் பார்த்தா, காய்ஞ்ச வெங்காயத்தோல் மாதிரி திட்டுத் திட்டா உடம்பு பூரா ஒட்டிக்கிட்டு இருக்கு. நண்பர் கையில சாமணம். "உரிச்சு விட்டுடலாமா?" நல்லவேளை, கால்நடை மருத்துவர் ஒருத்தர் போன்ல கிடைச்சார். அவர் சொன்ன முதல் வார்த்தை: "கையை எடுங்க."

விஷயம் இதுதான். சட்டை உரிக்கிறதுக்குச் சில நாள் முன்னாடி பழைய தோலுக்கும் புதுசுக்கும் நடுவுல திரவம் ஊறும். கண் பால் படர்ந்த மாதிரி மங்கி, அப்புறம் தெளியும். பிறகு மூக்கைக் கல்லுல தேய்ச்சு, உதட்டுல ஆரம்பிச்சு, காலுறையைக் கழட்டுற மாதிரி ஒரே துண்டா கழட்டிட்டுப் போயிடும். காத்துல ஈரம் குறைஞ்சா துண்டு துண்டா நின்னுடும். நண்பர் ரூம்ல நாள் பூரா ஏசி! பாம்புக்கு இமை கிடையாது, கண்ணு மேல கண்ணாடி மாதிரி ஒரு செதில்தான். அதைத் தப்பாப் பிடுங்கினா கண்ணே போயிடலாம்.

ஏசியை நிறுத்தி, ஓட்டை போட்ட டப்பாவுல வெதுவெதுப்பான ஈரத்துண்டை விரிச்சு, பாம்பை உள்ளே விட்டுட்டுக் காத்திருந்தோம். அப்போ ஞாபகம் வந்த கதை இது.

ஒரு காலத்துல நம்ம பக்கம் பாம்போட தோலை உரிச்சது பாம்பு இல்ல, மனுஷன். பைக்கும் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் பாம்புத்தோல் கப்பல் ஏறிச்சு. செங்கல்பட்டு பக்கத்து இருளர்கள் சாரையையும் நாகத்தையும் பிடிச்சுக் குடுப்பாங்க, காசு பெரும்பாலும் வியாபாரிக்கு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-ல ஏற்றுமதித் தடை. பாம்பு பிழைச்சுது. ஆனா இருளர்கள் பிழைப்பு?

1972-ல கிண்டியில பாம்புப் பண்ணை ஆரம்பிச்ச ராமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து கண்டுபிடிச்ச வழிதான் 1978-ல வந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். இப்போ மாமல்லபுரம் போற வழியில, வடநெம்மேலியில இருக்கு. தோலுக்குப் பதிலா விஷம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடிச்சு, சில வாரம் வச்சிருந்து விஷம் எடுத்து, உயிரோட திரும்ப விட்டுடுவாங்க. பாம்புக்கடிக்குப் போடுற மருந்துக்கு மூலப்பொருள் அந்த விஷம்தான். 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைச்சுது.

இதுல எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். விடுறதுக்கு முன்னாடி, அதே பாம்பை உடனே மறுபடி பிடிச்சுடக்கூடாதுன்னு வயித்துச் செதில்ல லேசா வெட்டி அடையாளம் வைப்பாங்க. சில தடவை சட்டை உரிச்சா அந்த அடையாளம் மறைஞ்சுடும். நாம வச்ச முத்திரையையும் பாம்பே கழட்டிப் போட்டுடுது!

நண்பர் வீட்டுக்கு வருவோம். ரெண்டு நாள் ஈரத்துண்டு வைத்தியத்துல திட்டெல்லாம் தானா கழண்டுச்சு. இடது கண்ணு மேல மட்டும் பழைய செதில் நின்னுடுச்சு. "அடுத்த தடவை அதுவே கழட்டிக்கும், ஈரம் மட்டும் குறையாம பாத்துக்குங்க"ன்னார் மருத்துவர்.

நண்பருக்குத்தான் பொறுக்கல. தினம் டார்ச் அடிச்சுப் பாக்குறார். சாமணத்தை மட்டும் நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன் :)